கசகசாச் செடியின் பாலும் நாடுகளின் உடன்பாடும்

பால்மரம் சீவும் நம் தொழிலாளர்களுக்கு அபின் எடுக்கும் முறையை விளக்குதல் எளிது. மரப்பட்டையில் உளியால் கோடிட்டால் பால் வடிவது போல, கசகசாச் செடியின் பச்சைக் காயை மாலையில் கீறினால் வெண்பால் கசியும். இரவில் அது கட்டிப்பால் போல் இறுகிப் பழுப்பாகும். மறுநாட் காலை அதனைச் சுரண்டி எடுப்பர். அதுவே அபின். (நம் வீட்டுக் குழம்பில் சேரும் கசகசாவும் இச்செடியின் விதையே.)

மியன்மார், லாவோஸ், தாய்லாந்து ஆகியவற்றின் எல்லை மலைகள் இப்பயிருக்குப் பெயர் பெற்றவை. அப்பகுதியைத் தங்க முக்கோணம் என்பர். ஆயினும் அபின் தானாக ஹெராயின் ஆகிவிடாது. ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஆசிட் வேண்டியிருப்பது போல, அபினிலிருந்து பிரித்த மார்ஃபினை ஹெராயினாக்க அசிட்டிக் அன்ஹைட்ரைடு என்னும் இரசாயனம் வேண்டும். அது மலையில் விளைவதன்று, ஆலைகளில் உற்பத்தியாவது. ஆஸ்பிரின் மாத்திரை செய்யவும் அதுவே பயன்படுவதால், முற்றாகத் தடை செய்யவும் இயலாது.

ஆகவே ஒரு வட்டாரம் மட்டும் முயன்று பயனில்லை. ஆசியான் நாடுகள் 1976இல் மணிலாவில் போதைப்பொருள் எதிர்ப்புக் கொள்கைப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டன. 1988இல் வியன்னாவில் உருவான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையோ இரசாயனங்களையும் கண்காணிப்பில் சேர்த்தது. இறக்குமதி நாடு கேட்டுக்கொண்டால், ஏற்றுமதி நாடு சரக்கை அனுப்புமுன்பே என்ன பொருள், எவ்வளவு, யாருக்கு என அறிவித்தல் வேண்டும். 2001இல் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் இவ்விதிக்குள் வந்தது. சரக்கைப் பெறுவதாகக் குறிக்கப்பட்ட ஆலை உண்மையில் உள்ளதா என்று அந்நாட்டு அதிகாரி விசாரித்துவிடலாம். போலி ஆலையாயின் சரக்கு கப்பலேறாது. 2006 முதல் இவ்வறிவிப்பு கணினி வழியே செல்கிறது.

மலைவாழ் உழவரின் நிலை என்ன? செடியை வெட்டி எறிந்தால் அவர் வயிறு நிறையாது. தாய்லாந்தில் மன்னர் பூமிபோல் 1969இல் தொடங்கிய திட்டம் காப்பி, பழம், காய்கறி முதலியவற்றைப் பயிரிடச் செய்தது. காப்பிச் செடி பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். மறுநடவு செய்த நிரையில் பால் வெட்டக் காத்திருந்தவர்கள் அவ்விடைக்காலத்தின் கடுமையை அறிவர். அங்கே அபின் பயிர் குறையப் பல ஆண்டுகள் ஆனதில் வியப்பில்லை.

2015க்குள் போதைப்பொருளற்ற வட்டாரம் என்பது ஆசியான் வைத்த இலக்கு, அஃது எட்டப்படவில்லை. சியாபு எனப்படும் மெத்தம்ஃபெட்டமினுக்குக் கசகசாச் செடியே தேவையில்லை. அதனை முழுதும் இரசாயனத்தாலேயே செய்துவிடலாம். ஒரு மூலப்பொருள் கண்காணிப்புப் பட்டியலில் சேர்ந்ததும், சேராத வேறொன்றைத் தயாரிப்போர் தேடிச் செல்கின்றனர். பட்டியலும் அவ்வப்போது நீண்டுகொண்டே வருகிறது.