வேலி தாண்டி வரும் டீசல் புகை

போன கார்த்திகையில், அவரைக் கொடியில் அசுவினி விழுந்திருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பார்த்தேன். விரலில் கரி ஒட்டிக்கொண்டது. ரோட்டை ஒட்டிய முதல் நாலு வரிசையில்தான் அப்படி. உள்ளே போகப் போக இலை சுத்தமாக இருந்தது. எங்கள் நிலம் ஓசூரிலிருந்து பாகலூர் வழியாக கர்நாடகத்து மாலூருக்குப் போகிற சாலையோரம் இருக்கிறது. பதினோரு வருசமாக ரசாயனம் தொட்டதில்லை. எங்கள் குழுவின் ஆய்வுப் படிவத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்ன மருந்து அடிக்கிறார், நடுவில் எத்தனை அடி விட்டிருக்கிறோம் என்றெல்லாம் எழுதுகிறோம். ரோட்டிலிருந்து என்ன வந்து விழுகிறது என்று எழுத அதில் ஒரு கட்டம் கிடையாது.

அதே மாதம் பேரனுக்கு இழுப்பு வந்தது. ராத்திரியில் ஓசூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா கேட்டார், "வீடு ரோட்டோரமா?" "ஆமாம்மா, ஒரே லாரி" என்று நான் ஆரம்பித்தேன். "வீட்ல ஏதாச்சும் எஞ்சின் ஓடுதா?" என்று அடுத்த கேள்வி. எனக்கு வாயடைத்துப்போச்சு. மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருசக் கணக்காகக் காத்திருக்கிறோம். அதுவரைக்கும் கிணற்றுக்கு டீசல் எஞ்சின்தான். அது நிற்பது பேரன் தூங்குகிற ஜன்னலுக்கு நேர் எதிரே.

டீசல் புகையில் கண்ணுக்குத் தெரிகிற கருப்பு கொஞ்சம்தான். அதிகம் கெடுதல் செய்வது தெரியாத நுண்துகள். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும். நம் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கு மயிரோ சளியோ அதைப் பிடித்து நிறுத்தாது. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய், அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012 ஜூனில் டீசல் புகையை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் இருக்கிற அதே பிரிவு. பயிருக்கும் கேடு உண்டு. இலைமேல் படிகிற கரி வெயிலை மறைக்கும். புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு வெயிலில் வேறு ஆவிகளோடு சேர்ந்து ஓசோனாக மாறும். அது இலைத்துளை வழியே உள்ளே போய் மகசூலைக் குறைக்கும். இந்த ஓசோன் முதல் நாலு வரிசையோடு நிற்காது.

எல்லையில் ஏன் இவ்வளவு புகை? சிப்காட் இருக்கிறது, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது, மாவட்டம் முழுக்கக் கல்குவாரியும் கிரஷரும் இருக்கின்றன. அது பாதிக் காரணம். மீதி, பெங்களூரு நகருக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு. நகரத்துக்காரர்கள் மூச்சுவிட வேண்டும் என்று போட்ட விதி, நியாயம்தான். ஆனால் நேரம் வரும்வரை லாரி எங்கே நிற்கும்? அத்திப்பள்ளிக்கு இப்புறமும் அப்புறமும், நம் ஊர் டீக்கடை ஓரத்திலும்தான். 2020 ஏப்ரல் முதல் டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து 10-க்கு இறங்கியது பெரிய நன்மை. ஆனாலும் பழைய எஞ்சின் பழைய எஞ்சின்தானே.

எங்கள் ஊர்ப் பையன்கள் மறியல் செய்யலாம் என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஊரில் பாதி வீட்டுச் சோறு லாரியிலிருந்தும் சிப்காட்டிலிருந்தும் வருகிறது. கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் 2004-இல் செய்ததைச் சொன்னேன். நாற்றம் வந்த நேரத்தை எழுதி வைத்தார்கள். ஒரு வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நச்சுப் பொருள்கள் அதில் இருந்தன. அதன்பிறகு "வாசனைதானே" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியவில்லை. கலிபோர்னியாவில் துறைமுகத்தை ஒட்டிய வெஸ்ட் ஓக்லண்டில், தெருவுக்குள் வருகிற லாரிகளைக் குடியிருப்போரும் ஆய்வாளர்களும் சேர்ந்து எண்ணினார்கள். 2003-இல் அது அறிக்கையாக வந்தது.

நம்மிடம் ஆய்வகத்துக்குப் பணம் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். மாலை 5 முதல் 9 வரை, ஒரு வாரம், ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்தோம். ஓடுகிற வண்டிக்கு ஒரு பத்தி, எஞ்சினை அணைக்காமல் நிற்கிற வண்டிக்கு இன்னொரு பத்தி. இரண்டாவது பத்தி நிறைந்த வேகத்தைப் பார்த்துதான் புரிந்தது: எங்களுக்குத் தொல்லை ஓடுகிற லாரியல்ல, அங்கன்வாடிக்கு எதிரே உறுமிக்கொண்டு நிற்கிற லாரி.

ஏன் அணைப்பதில்லை என்று கேட்டேன். நாமக்கல்காரர் ஒருத்தர் சொன்னார், "அணைச்சா செல்ப் எடுக்காதுங்கண்ணா. பேட்டரி வீக்கு. தள்ளிவிட நீங்க வருவீங்களா?" சும்மா நிற்கும்போதும் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் எரிகிறது, அவருக்கும் நட்டம்தான். பாகலூர் ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரிடம் பேசி, அவர் நம்பரை டீக்கடைச் சுவரில் பெரிதாக எழுதினோம். கூப்பிட்டால் பேட்டரியோடு வந்து கிளப்பித் தருவார். கடைக்காரர் தன் பெஞ்சை ஏரிக்கரைப் பக்கம் தள்ளிப் போட்டார். வண்டிகளும் பின்னாலேயே நகர்ந்தன. டீ எங்கேயோ லாரி அங்கே.

பக்கத்துப் பட்டறை ஒன்றின் ஜெனரேட்டர் புகைக்குழாய் கூரைக்குக் கீழேயே முடிந்திருந்தது. பெயர் வேண்டாம். விதி இதுதான்: கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கினால் வருகிற மீட்டர் அளவுக்கு, கட்டடத்தின் உயரத்துக்கு மேல் குழாய் எழும்ப வேண்டும். 100 கே.வி.ஏ. என்றால் 2 மீட்டர், 400 என்றால் 4 மீட்டர். கணக்கைத் தாளில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினோம். மூன்றாவது முறை போனபோது, அடுத்து ஓசூரில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்குத்தான் போவோம் என்றோம். அந்த வாரமே குழாய் ஏறியது.

கிராம சபையில் தீர்மானம் போடுகிறவர்கள் வெறுமனே "புகை" என்று எழுதாதீர்கள். எந்த இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை வண்டி என்று நோட்டின் நகலோடு கொடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 115-ஆம் பிரிவில் ஒரு சாலையில் கனரக வண்டிகளுக்கு நேரம் குறிக்க வழி இருக்கிறது; அளவுக்கு மேல் புகை கக்கினால் 190(2)-இல் 10,000 ரூபாய் வரை அபராதம். மனுவில் இந்த எண்களைக் குறிப்பிட்டால் அலுவலகத்தில் உட்காரச் சொல்கிறார்கள்.

என் எஞ்சினுக்கு வருகிறேன். கரும்புகை வந்தால் ஏர் பில்டர் அடைத்திருக்கும், அல்லது நாசில் ஒழுகும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. எனக்கு இரண்டும் இருந்தது. சரிபண்ணி, ஜன்னலை விட்டு வெகுதூரம் கிணற்றின் மறுபக்கம் நகர்த்தி, குழாயைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். மானியத்தில் சூரிய மோட்டாருக்கு வேளாண் பொறியியல் துறையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரோட்டோர நாலு வரிசையில் இனி அவரை இல்லை. வெட்டிவேர், அதன் பின்னால் வாதநாராயணன், அதற்கும் பின்னால் புங்கன். தரையிலிருந்தே அடர்த்தியாக இருந்தால்தான் தடுக்கும். கீழே தண்டு மட்டும் தெரிகிற மரவரிசையில் புகை நேராக உள்ளே வந்துவிடும்.

பேரனுக்கு இந்த மாசம் இழுப்பு ஒருமுறைதான் வந்தது. அது புகை குறைந்ததாலா, பனி விலகியதாலா என்று டாக்டரம்மாவாலும் சொல்ல முடியவில்லை. விடிகாலையில் போகிற குவாரி டிப்பர்கள் குறையவே இல்லை. அவை டீக்கடையில் நிற்பதில்லை, பேசிப் பார்க்கவும் வழியில்லை. அக்டோபர் 2 கிராம சபைக்காக இப்போது காலை 4 மணிக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறோம்.