விண்வழி வந்த வகுப்பு

வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிய சிற்றூர். மழைக்குத் துணைசெய்யும் மலையே தொலைக்காட்சிக்குத் தடையாக நிற்பதும் உண்டு. தொலைக்காட்சி அலைகள் ஒளியைப்போல் பெரும்பாலும் நேரே செல்வன. மலையை வளைந்து கடக்கமாட்டா. நிலவுருண்டையின் வளைவுக்கு அப்பாலும் எட்டமாட்டா. ஆதலின், இந்தியாவில் தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில், கோபுரம் நாட்டிய நகரமும் அதன் சுற்றுப்புறமுமே அதனைக் கண்டன. தில்லியில் 1959 ஆம் ஆண்டு ஒளிபரப்புத் தொடங்கிற்று. 1961 இல் அந்நகரப் பள்ளிகளுக்கு அறிவியற் பாடங்கள் அதன் வழியே வந்தன. சிற்றூர்ப் பிள்ளைகளின் நிலை யாது?

இவ்வினாவை எழுப்பியவருள் தலையாயவர் விக்கிரம் சாராபாய். கோபுரத்தை மலையினும் உயர்த்த இயலாது. ஆனால் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்திவிட்டால், அதுவே நாடு முழுமைக்கும் கோபுரமாகும் அன்றோ! இக்கருத்தினைக் கொண்டு 1969 இல் இந்தியாவும் அமெரிக்காவும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பயனைக் காணுமுன்னரே, 1971 டிசம்பரில் சாராபாய் மறைந்தார்.

அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோள் 1975 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து ஓராண்டுக் காலம் இந்தியாவுக்காக இயங்கியது. ஆந்திரம், கருநாடகம், ஒரிசா, பீகார், மத்தியப்பிரதேசம், இராசசுதான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அண்டை மாநிலங்கள் இரண்டு பெற்ற அப்பேற்றினைத் தமிழகம் பெறவில்லை. அவ்வாண்டே சென்னையிலும் தொலைக்காட்சி நிலையம் தோன்றிற்று எனினும், அது நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் அளாவியதேயாம்.

சிற்றூர்களில் வைத்த வானலை வாங்கியின் எளிமை வியக்கத்தக்கது. கோழிக் கூண்டுக்கு அடைக்கும் கம்பி வலையைக் குடைபோல் வளைத்து, மூன்று மீட்டர் அகலமுள்ள வட்டிலாக்கி வானை நோக்கி வைத்தனர். மின்சாரம் எட்டாத சில ஊர்களில் மின்கலங்களைக் கொண்டு பெட்டியை இயக்கினர். காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிச் சிறுவர்க்கென ஒதுக்கப்பட்டது. இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு என்னும் நான்கு மொழிகளுக்கும் அந்நேரத்தைப் பங்கிட, ஒரு மொழிக்குக் கிடைத்தது இருபத்திரண்டரை நிமிடமே! அக்குறுகிய பொழுதுக்காகப் பிள்ளைகள் பெட்டியின்முன் கூடினர்.

இருபத்திரண்டரை நிமிடம் முடிந்ததும் பெட்டி மௌனமாகிவிடும். அறிவியற் பாடம் கண்ட சிறுவனுக்கு ஐயம் எழுந்தால், அதனை எவரிடம் கேட்பான்? திரையில் தோன்றுபவர் செவி கொண்டவர் அல்லர். இக்குறையை அத்திட்டத்தார் அறியாதவர் அல்லர். ஆகவே, விடுமுறைக் காலத்தில் ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியையும் அச்செயற்கைக்கோள் வாயிலாகவே அளித்தனர். அத்திட்டத்துள் மிகச் சிறந்த செயல் இதுவே எனலாம்.

1976 ஜூலை 31 ஆம் நாளோடு தவணை முடிந்தது. செயற்கைக்கோள் மீண்டும் அமெரிக்கப் பக்கம் நகர்த்தப்பட்டது. இந்தியா தனக்கென இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களைப் பின்னர் அமைத்துக்கொண்டது.

தமிழகத்து மாணவர்க்கென அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26 அன்று, சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலிருந்து தொடங்கியது. அண்டை மாநிலச் சிற்றூர்கள் விண்வழிப் பாடம் கண்டு நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. எட்டுத் திங்களுள் அதற்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. 2020 மார்ச்சில் கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு முதல் வகுப்புவாரியான பாடங்கள் வீடுதோறும் அத்திரைவழியே வந்தன. கைப்பேசியும் இணையமும் இல்லாத இல்லத்துக் குழந்தைக்கு அது பெருந்துணையாயிற்று. ஆயினும், பழைய குறை அப்படியே நின்றது: படம் வந்தது, கேள்வி திரும்பிச் செல்லவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய சிறார், கற்றதையும் மறந்தனர்.

அதனை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. மாலைப் பொழுதில், குடியிருப்பை அடுத்த இடங்களில், ஒரு தன்னார்வலர்க்கு ஏறத்தாழ இருபது குழந்தைகள் என்னும் அளவில் வகுப்புகள் கூடின. அங்கே திரை இல்லை; கதையும் பாட்டும் கரும்பலகையும் இருந்தன. அருகில் அமர்ந்த பிள்ளை கை உயர்த்தி ஐயம் கேட்டது. அப்பொழுதே விடையும் பெற்றது.