புதிய ஊரில் பிள்ளையின் பாடசாலை

வீட்டையும் காணியையும் விட்டு வந்த குடும்பம் முதலில் தேடுவது கூரையை, அடுத்தது அடுப்பை. பிள்ளையின் பாடசாலை பற்றிய பேச்சு "எல்லாம் சரியான பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப் போகிறது. மாத்தளை மாவட்டத்துக்கு இது புதிதல்ல. களுகங்கை நீர்த்தேக்கம் 2018இல் நிரம்பத் தொடங்கியபோது லக்கலவின் பழைய நகரம் நீருக்குள் போனது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின் மழையும் மண்சரிவும் மலைப்பகுதிக் குடும்பங்களைப் பெயர்த்தன. காரணம் எதுவாயினும் தரம் 2இல் படிக்கும் பிள்ளைக்கு அனுபவம் ஒன்றுதான்: தெரிந்த வாங்கும் தெரிந்த ஆசிரியரும் இல்லை.

முதலில் சேர்ப்பது பற்றி. நம் நாட்டில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமாகும்; 14 ஆக இருந்த எல்லை 2016இல் உயர்த்தப்பட்டது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்துவிட்டதென்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். அது கைக்கு வரும்வரை காத்திராமல், கிராம உத்தியோகத்தரின் கடிதத்துடன் அதிபரைச் சந்தித்து நிலைமையை விளக்குங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. இதைப் பேச நாம் கூச்சப்படுகிறோம். பழைய ஊரில் பிள்ளை போகும் வழியெங்கும் மாமா, சித்தி, பெரியம்மா என்று கண்கள் இருந்தன. புதிய ஊரில் அந்த வேலி இல்லை. நலன்புரி நிலையத்தில் பல குடும்பங்கள் ஒரே மண்டபத்தில் படுக்கின்றன. மலசலகூடம் தூரத்தில், வெளிச்சமில்லை. ஆகவே பிள்ளைகள் இருவர் மூவராகச் சேர்ந்து போகட்டும். யார் வந்து அழைத்தால் போகலாம் என்று இரண்டு பெயர்களை மட்டும் பிள்ளையிடமும் வகுப்பாசிரியரிடமும் சொல்லி வையுங்கள்.

பிள்ளை ஏதேனும் சொன்னால் அடக்காதீர்கள். "பொய் சொல்லாதே" என்ற ஒரு வார்த்தை போதும், அது மறுபடி வாய் திறக்காது. அயலவர் முன் திரும்பத் திரும்ப விசாரிப்பதும் தவறு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் தொலைபேசி இலக்கம் 1929. தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. பிள்ளைக்கும் அந்த இலக்கத்தை மனப்பாடமாக்குங்கள்.

பிரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நாலு அடி போட்டுப் படிப்பியுங்கள் சேர்" என்று நாமே ஆசிரியரிடம் சொல்வது வழக்கம். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். ஆனால் பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. இழப்பைக் கண்டு வந்த பிள்ளை பாடத்தில் மந்தமாக இருப்பது சோம்பலினால் அல்ல.

இனி வகுப்பறை. 1999இல் நாடெங்கும் தரம் 1இல் தொடங்கிய சீர்திருத்தம் விளையாட்டையும் செயற்பாட்டையும் எழுத்து வேலையோடு இணைத்தது. அதில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' ஒரு பாடமாயிற்று. இங்கேதான் கமக்காரன் பிள்ளைக்கு இடமிருக்கிறது. மிளகுக் கொடி எதைப் பற்றி ஏறும், சோளம் எத்தனை நாளில் முளைக்கும் என்று அதற்குத் தெரியும். பட்டணத்துப் பிள்ளைக்குத் தெரியாது.

ஒரு சிரட்டையில் பயறு, சோளம், கௌபி, மிளகு நான்கையும் கலந்து கொடுத்தனுப்புங்கள். பிரித்து வைத்தால் அது வகைப்படுத்தல். பத்துப் பத்தாகக் கூட்டினால் கணிதம். பெயரை எழுதினால் மொழி. பயற்றை இரண்டு சிரட்டைகளில் ஈரமண்ணிட்டு விதைத்து, ஒன்றை வெளிச்சத்திலும் மற்றதை இருட்டிலும் வைக்கட்டும். இரண்டும் முளைக்கும். இருட்டில் இருப்பதோ வெளிறி, மெலிந்து நீண்டு நிற்கும். ஏன் என்று பிள்ளையே கேட்கும். பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள். சிங்களப் பிள்ளைகளும் அருகில் படித்தால் விதையின் பெயரை இரு மொழியிலும் மாற்றிக்கொள்ளலாம். நட்புக்கு அது நல்ல ஆரம்பம்.

சித்திரம் வரைவதும் பிள்ளையின் மனப்பாரத்தைக் குறைக்கும். ஆனால் முதல் நாளே "மண்சரிவை வரை" என்று கேட்பதை நான் ஏற்கமாட்டேன். பஸ்டலைக் கொடுத்து விடுங்கள். மாட்டை வரைந்தால் மாட்டைப் பற்றிக் கேளுங்கள். வீடு எப்போது வரும் என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு, வந்து குடியேறியவர்கள் என்று ஒதுங்காமல் தாய்மாரும் போகவேண்டும். பிள்ளைகளின் மலசலகூடக் கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முதற்கேள்வியாகக் கேளுங்கள். இல்லையென்றால், ஒரு தாழ்ப்பாளும் நாலு ஆணியும் வாங்கிப் போட அடுத்த கூட்டம்வரை காத்திருக்கத் தேவையில்லை.