கோகம் விதையில் கொழுப்பு: எடுப்பதும் சோதிப்பதும்



சென்ற ஆண்டு ஜூன் மாதம், தாராவியில் வசிக்கும் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மனைவி ஒரு பை நிறையச் சோப்புக் கட்டிகளுடன் என் வீட்டுக்கு வந்தார். நான்கு பெண்களோடு சேர்ந்து வீட்டிலேயே தேங்காய் எண்ணெய்ச் சோப்பு காய்ச்சி விற்பவர். அந்த முறை மட்டும் தேங்காய் எண்ணெய் விலைக்கு அஞ்சி, பக்கத்து வீட்டு ரத்னகிரி அம்மாள் கொடுத்த கோகம் விதைகளிலிருந்து கொழுப்பு எடுத்துக் காய்ச்சியிருக்கிறார். அந்தச் சோப்பைத் தொட்டுக் கழுவிய அவருடைய பத்து வயது மகளின் விரல்கள் சிவந்து கொப்பளித்துவிட்டன.

"தேங்காய் எண்ணெய்க்குப் போடுற அதே அளவுதான் ஐயா காஸ்டிக் சோடா போட்டேன். ஒரு கிராம்கூட ஏத்தலை" என்று கண்கலங்கினார். அவர் சொன்னது முழு உண்மை. தவறும் அங்கேதான் இருந்தது. அது எப்படி என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

கொழுப்பு எடுக்கும் முறை

கோகம் நம் ஊர்க் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த மரம். கொங்கண் பகுதியில் ஏப்ரல் முதல் ஜூன் வரை பழுக்கும். தோலை உலர்த்திப் புளிப்புக்கும் சர்பத்துக்கும் வைத்துக்கொள்வார்கள். மிஞ்சும் விதையில்தான் கொழுப்பு இருக்கிறது. கொங்கணியர் பாட்டி காலத்திலிருந்தே அதைக் காய்ச்சி எடுத்து, உருட்டி வைத்து, பாதவெடிப்புக்குப் பூசி வருகிறார்கள்.

விதையைச் சதை போகக் கழுவி வெயிலில் காய வையுங்கள். காய்ந்துவிட்டதா என்பதைத் தராசைக் கேளுங்கள். இன்று நிறுத்த எடையும் நாளை நிறுத்த எடையும் ஒன்றாக இருந்தால்தான் காய்ந்தது என்று பொருள். மும்பையில் ஜூன் முதல் வாரத்துக்குள் இந்த வேலை முடிந்துவிட வேண்டும். மழை பிடித்துவிட்டால் விதை பூத்துப்போகும்.

பிறகு ஓட்டைத் தட்டி நீக்கிப் பருப்பை எடுக்க வேண்டும். ஒரு கிலோ விதையில் சுமார் 600 கிராம் பருப்பு தேறும். அதை அரைத்து, நிறையத் தண்ணீர் விட்டு, இரண்டு மணி நேரம் கொதிக்க விட்டு, இரவு முழுவதும் அசையாமல் ஆற விடுங்கள். காலையில் மேலே அடையாக உறைந்திருக்கும். அதை எடுத்து மறுபடி உருக்கி, மல் துணியில் வடிகட்டி, சடசடப்பு அடங்கும்வரை சிறு தீயில் வையுங்கள். சடசடப்பு இருக்கும்வரை உள்ளே தண்ணீர் இருக்கிறது.

பருப்பில் சுமார் 44 சதவீதம் கொழுப்பு உண்டு. அதன்படி 600 கிராம் பருப்பில் 264 கிராம் இருக்க வேண்டும். நானே செய்து பார்த்தபோது எனக்குக் கிடைத்தது 160 கிராம்தான். நூறு கிராம் மிஞ்சிய சக்கையிலேயே தங்கிவிட்டது. வியாபாரக் கணக்குப் போடுகிறவர்கள் புத்தகத்தில் உள்ள அளவை நம்பாமல், தம் கையால் எடுத்த அளவை வைத்தே போட வேண்டும்.

சக்கையில் உள்ளதையும் எடுக்க ஆய்வுக்கூடங்களில் ஹெக்சேன் என்ற கரைப்பானும், 1879இல் ஜெர்மானியர் சாக்ஸ்லெட் அமைத்த கண்ணாடிக் கருவியும் பயன்படுகின்றன. வீட்டில் யாரும் ஹெக்சேனையோ பெட்ரோலையோ கொண்டு இதை முயலவே கூடாது. அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறை அடுப்பில் பற்றிக்கொள்ளும். பத்துக்குப் பத்து அறையில் குடும்பமே வாழும் இடங்களில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று சோதனைகள்

முதலாவது உருகுநிலை. இரு பக்கமும் திறந்த மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு செண்டிமீட்டர் உயரம் கொழுப்பை ஏற்றி உறைய வையுங்கள். அதை வெப்பமானியோடு சேர்த்துக் கட்டி, தண்ணீரில் இறக்கி, மெல்லச் சூடாக்குங்கள். கொழுப்பு நழுவி மேலேறும் வெப்பநிலையைக் குறியுங்கள். நல்ல கோகம் கொழுப்பு சுமார் 40 டிகிரி காட்டும். தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடும். கடையில் வாங்கிய கோகம் உருண்டை மே மாதத்து அறையிலேயே குழைந்தால், அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்கலாம்.

இரண்டாவது அமில எண். ஒரு கிராம் கொழுப்பில் பிரிந்து நிற்கும் அமிலத்தைச் சமன்செய்ய எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தேவை என்பதே இது. கொழுப்பைச் சூடான ஆல்கஹாலில் கலக்கி, இரண்டு சொட்டு பினாப்தலீன் விட்டு, பியூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் அரை நிமிடம் நிலைத்தால் நிறுத்திக் கணக்கிடலாம். நன்றாகக் காய்ந்த விதையின் கொழுப்பு எனக்கு 4 காட்டியது. ஈரத்தோடு மூட்டையில் கிடந்த விதையின் கொழுப்பு 19 காட்டியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது சீக்கிரம் சிக்கெடுக்கும். சோப்புப் பாத்திரத்திலும் கலக்குவதற்குள் கட்டிப்போகும்.

மூன்றாவது சோப்பாகும் எண். ஒரு கிராம் கொழுப்பு முழுவதும் சோப்பாக மாறத் தேவையான பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் அளவு இது. தேங்காய் எண்ணெய்க்கு 250க்கு மேல், சுமார் 255. கோகத்துக்குச் சுமார் 190. இலுப்பை, புங்கம், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் 185 முதல் 200க்குள் அடங்கும். ஆக, தேங்காய் எண்ணெய்தான் கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறது.

காரணத்தை ரயில்வேக்காரன் பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் ஒரு வேகன். ஒரு வேகனுக்கு ஒரு கொக்கி. காஸ்டிக் சோடா அந்தக் கொக்கியில்தான் மாட்டும். தேங்காய் எண்ணெயில் மிகுதியாக இருப்பது 12 கார்பன் நீளமுள்ள லாரிக் அமிலம், குட்டை வேகன். கோகத்தில் பாதிக்கு மேல் 18 கார்பன் நீளமுள்ள ஸ்டியரிக் அமிலம், நீள வேகன். இரண்டு வண்டியின் மொத்த நீளமும் ஒன்றே என்றால், குட்டை வேகன் வண்டியில் கொக்கிகள் அதிகம் அல்லவா?

அந்த அம்மாவின் கணக்கு

சோப்பாகும் எண்ணை 0.713ஆல் பெருக்கினால் ஒரு கிலோ எண்ணெய்க்கு எத்தனை கிராம் காஸ்டிக் சோடா என்பது வரும். தேங்காய் எண்ணெய்க்கு 182 கிராம், கோகத்துக்கு 135 கிராம். சோப்பு கையைக் கடிக்காமல் இருக்க இதிலும் ஐந்து சதவீதம் குறைத்துப் போடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் கோகத்துக்கு 129 கிராம் போதும்.

அந்த அம்மா கிலோவுக்கு 170 கிராம் போட்டிருக்கிறார். தேங்காய் எண்ணெய்க்கு அது பாதுகாப்பான அளவு. கோகத்துக்கோ கிலோவுக்கு 35 கிராம் காரம் மாறாமல் அப்படியே நின்றுவிட்டது. குழந்தையின் விரலைச் சுட்டது அதுதான்.

ஐந்து கிலோ கொழுப்பில் செய்த சோப்பு அத்தனையையும் சாக்கடையில் கொட்டிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். போட்ட காஸ்டிக் சோடா 850 கிராம். அதை 0.129ஆல் வகுத்தால் 6,590 கிராம் கொழுப்பு தேவை. இருப்பது 5,000. எனவே மேலும் 1,590 கிராம் கொழுப்பு சேர்த்து, கையுறை போட்டுச் சீவி, கொஞ்சம் தண்ணீரோடு மறுபடி காய்ச்சச் சொன்னேன். நான்கு வாரம் உலர்த்திய பின், ஒரு துண்டைச் சூடான ஆல்கஹாலில் கரைத்துப் பினாப்தலீன் விட்டுப் பார்த்தோம். நிறம் மாறவில்லை. ஆனாலும் அவர் அதை யாருக்கும் விற்கவில்லை. "என் பிள்ளை கையில பட்டது, பாத்திரம் துலக்க நானே வச்சுக்கிடுதேன்" என்றார். அந்த மனம் பெரிது.

சில எச்சரிக்கைகள்: காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் அறவே ஆகாது. உடலில் பட்டால் எலுமிச்சை, வினிகர் என்று தேடாமல், ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவி, மருத்துவரிடம் செல்லுங்கள். காய்ச்சும் இடத்தில் பிள்ளைகள் நிற்கக் கூடாது.

எண்ணெய்த் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் புகழ்பெற்ற கல்வி நிலையம் நம் மாட்டுங்காவிலேயே இருக்கிறது. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கி, இன்று இன்ஸ்டிடியூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜி என்ற பெயரில் இயங்குகிறது. வேதியியலில் நாட்டமுள்ள நம் பிள்ளைகள் அதைக் கண்முன் வைத்துப் படிக்க வேண்டும்.

டீசல் ஷெட்டில் இருந்த காலத்தில், எஞ்சின் எண்ணெயின் மாதிரியைச் சோதிக்காமல் வண்டியை அனுப்பியதில்லை. கண்ணுக்கு நல்ல எண்ணெயாகத் தெரிந்ததில் தண்ணீர் கலந்திருந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். வீட்டுத் தொழிலுக்கும் அதே விதிதான். எண்ணெய் மாறினால் கணக்கும் மாற வேண்டும். தாராவியில் அந்த அம்மாவின் அடுப்புக்கு மேலே இப்போது ஓர் அட்டை தொங்குகிறது. எண்ணெயின் பெயர், அதற்கு நேரே கிலோவுக்கு எத்தனை கிராம் என்ற எண். எழுதியது அவருடைய மகள். விரல்கள் நன்றாக ஆறிவிட்டன.