எவர்சில்வர்த் திருகாணிகள்

சிறியவை என்று கருதி நாம் கவனியாது விடும் பொருள்களுள் திருகாணியும் ஒன்று. செயல்திட்டம் செய்யும் மாணவர் மோட்டாருக்கும் மின்சுற்றுப் பலகைக்கும் வாரக்கணக்கில் விலை விசாரிப்பர். ஆணியை மட்டும், ஒப்படைக்கும் நாளுக்கு முந்திய மாலையில் தேடுவர். சென்ற ஆண்டு நம் நண்பர் சிலர் விடுதி மொட்டைமாடியில் மழையளவும் வெப்பமும் குறித்து வைக்கும் பெட்டி ஒன்றை நிறுவினர். ஐப்பசி மழை ஓயுமுன்னரே மூடியின் நான்கு ஆணிகளும் துருவேறி இறுகிவிட்டன. மின்கலத்தை மாற்ற மூடியை உடைக்க வேண்டியதாயிற்று. உடைந்த வழியே நீர் இறங்கி, இரண்டு மாத அளவீடும் பாழாயிற்று. அவை துத்தநாகப் பூச்சுப் பூசிய மலிவான ஆணிகள். ஆதலின் நண்பர்களே, எவர்சில்வர் ஆணியைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதைச் சிறிது காண்போம்.

இரும்புடன் குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு குரோமியம் கலந்தால், அதன் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத ஆக்சைடுப் படலம் ஒன்று உண்டாகிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் அது தானே மீண்டும் மூடிக்கொள்ளும். 1912-ல் ஜெர்மனியின் குருப் ஆலையிலும், 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவராலும் இவ்வுண்மை பயனுக்கு வந்தது. நம் வீட்டுத் தட்டும் டம்ளரும் இவ்வினத்தவையே. ஆணிகளில் பெரிதும் கிடைப்பன இரண்டு வகை. ஏ2 என்பதில் ஏறக்குறைய 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. ஏ4 என்பதில் இவற்றோடு இரண்டு மூன்று பங்கு மாலிப்டினமும் சேரும். உப்புக் காற்றைத் தாங்குவதற்கே இச்சேர்க்கை. சித்தூருக்கும் திருப்பதி நகருக்கும் ஏ2 போதும். ஆனால் 2022-ல் பிரிந்த திருப்பதி மாவட்டத்தில் ஸ்ரீஹரிக்கோட்டாக் கடற்கரையும் அடங்கும். கருவியை அங்கே வைக்க எண்ணுவோர் ஏ4-க்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீணன்று.

காந்தம் ஒட்டாவிடில் நல்ல எவர்சில்வர் என்று கடைக்காரர் சொல்வதை முழுதும் நம்ப வேண்டா. ஆணியின் தலையைக் குளிர்ந்த நிலையில் அடித்து உருவாக்குவதால் நல்ல ஏ2 ஆணியும் காந்தத்தைச் சிறிது இழுக்கும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு வகையோ காந்தத்தில் ஒட்டாமலே இருந்து மழையில் கறைபடும். காந்தம் 'டக்'கென்று பற்றினால் மட்டும் அது வேறு எஃகு எனக் கொள்க. தலையில் ஏ2-70 என்று பொறித்திருந்தால் நன்று; மிகச் சிறிய ஆணிகளில் அவ்வெழுத்துக்கு இடமிராது.

இனி, பெருந்தொல்லை தருவது மரை. நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956-ல். நயா பைசா 1957 ஏப்ரலில் புழக்கத்துக்கு வந்தது. காசு மாறியது, எடைக்கல் மாறியது; ஆணிக்கடை மட்டும் முழுதும் மாறவில்லை. அங்குலத்தை எட்டாக வகுத்து 'நூல்' என்னும் வழக்கம் தச்சரிடமும் கொத்தரிடமும் இன்னும் உண்டு. நான் படியேறிய கடைகளில், மூன்று மில்லிமீட்டர் ஆணி கேட்டால் 'ஒரு நூல்' ஆணியை எடுத்துத் தருபவர் இருக்கின்றனர். அவர் ஏமாற்றுகிறார் என்பதன்று. ஒரு நூல் 3.175 மில்லிமீட்டர், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. (தெலுங்கிலும் 'மர' என்றால் திருகாணிதான், சொல்லில் நமக்குத் தகராறு வராது, அளவில்தான் வரும்.)

வேறுபாடு எங்கே? 1841-ல் விட்வொர்த் வகுத்த ஆங்கில மரையின் கோணம் 55 பாகை. ஒரு நூல் ஆணியில் அங்குலத்துக்கு 40 மரை, அதாவது மரைக்கு மரை 0.635 மில்லிமீட்டர். மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. எம் 3 ஆணியில் இடைவெளி 0.5. தவறான ஆணி ஒன்றிரண்டு சுற்று ஏறி அப்புறம் இறுகும். 'புதிது, அதனால்தான் இறுக்கம்' என்றெண்ணி வலிந்து திருகினால் உள்மரை அழியும். விலையுயர்ந்த மோட்டாரின் அலுமினிய உடலில் இது நேர்ந்தால் மீளாது. அங்குல வழியில் வந்த வேறு ஆணிகளும் உண்டு. கணினிப் பெட்டியில் பயன்படும் 6-32 வகை 3.5 மில்லிமீட்டர் பருமன். எம் 3-க்கும் எம் 4-க்கும் நடுவில் நின்று இரண்டையும் கெடுக்கும்.

சோதனை எளிது. உறுதியாக எம் 3 என்று தெரிந்த ஓர் ஆணியைச் சட்டைப்பையில் கொண்டு செல்க. கடையில் தரும் ஆணியை அதனோடு பக்கவாட்டில் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஒரே மரையாயின் பல்லும் பள்ளமும் இடைவெளியின்றிப் பொருந்தும். இல்லையேல் நாலைந்து மரைக்குள் விலகல் தெரிந்துவிடும். பத்து மரையை அளந்தால் எம் 3-ல் 5 மில்லிமீட்டர் வரவேண்டும்.

மாணவர் செயல்திட்டங்களுக்கு எம் 2.5, எம் 3, எம் 4 என்னும் மூன்றே பெரும்பாலும் போதும். ராஸ்பெரி பை பலகையின் துளைகள் எம் 2.5-க்கு உரியவை, அங்கே எம் 3-ஐத் திணித்துப் பலகையைப் பிளந்தவர் உண்டு. நீமா 17 மோட்டாரின் நான்கு துளைகளும் எம் 3. துளையிடும்போது ஒரு கணக்கை நினைவிற் கொள்க: பருமனிலிருந்து மரை இடைவெளியைக் கழித்தால் மரை வெட்டுவதற்குரிய துளை கிடைக்கும். எம் 3-க்கு 2.5, எம் 4-ன் இடைவெளி 0.7 ஆதலால் 3.3. ஆணி தடையின்றி நுழைந்து செல்ல எம் 3-க்கு 3.4, எம் 4-க்கு 4.5 துளை வேண்டும்.

நீளத்தில் ஒரு நுட்பம். மேடான தலையுடைய ஆணியைத் தலைக்குக் கீழிருந்து அளப்பர். தகட்டோடு தட்டையாக அமிழும் தலையுடையதைத் தலையையும் சேர்த்து அளப்பர். 1.6 மில்லிமீட்டர் மின்சுற்றுப் பலகையை 3 மில்லிமீட்டர்த் தகட்டில் பொருத்துவதாகக் கொள்வோம். வாஷர் அரை, எம் 3 நட்டு 2.4, ஆக 7.5. நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது நீளவேண்டும். எனவே 8 போதாது, 10 வாங்குக. நட்டின்றி அலுமினியத்திலேயே மரை வெட்டுவதாயின், ஆணியின் பருமனைப்போல் ஒன்றரை மடங்கு ஆழமாவது பிடிப்பு வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் எம் 3-க்குக் கிடைப்பது மூன்றே மரை, அதை நம்பலாகாது.

தலையைப் பற்றி என் விருப்பம், அறுகோணக் குழியுள்ள ஆலன் தலை. நட்சத்திரக் குழி வழுக்கித் தேயும். எவர்சில்வரில் தேய்ந்த தலையைக் கழற்றுவது துன்பம். உருளைத் தலை எம் 3-க்கு 2.5 சாவி, எம் 4-க்கு 3.

எவர்சில்வருக்கென ஒரு தனிக் குறையும் உண்டு. இதை விற்பவர் சொல்வதில்லை. எவர்சில்வர் ஆணியில் எவர்சில்வர் நட்டை விரைந்து திருகினால், உராய்வில் காக்கும் படலம் கிழிந்து, உலோகத்தோடு உலோகம் ஒட்டிக்கொள்ளும். மின்திருகியால் முடுக்கும்போதும், நைலான் வளையம் வைத்த நட்டிலும் இவ்விபத்து மிகுதி. ஆணியில் ஒரு சொட்டு எண்ணெயோ கிரீசோ இட்டு, கையாலேயே மெல்லத் திருகவேண்டும். இயலுமாயின் ஏ2 ஆணிக்கு ஏ4 நட்டோ பித்தளை நட்டோ இடலாம். பாதியில் இறுகினால் உடனே நிறுத்திப் பின்னோக்கித் திருகுக. ஒட்டியபின் எண்ணெய் விட்டும் பயனில்லை. ஆணியை அறுத்தெடுக்க வேண்டியதுதான்.

மின்கம்பியை இறுக்கும் முனைக்கு மட்டும் எவர்சில்வரை நாட வேண்டா. செம்பைவிட நாற்பது மடங்கு அளவில் மின்தடை உடையது அது. அவ்விடத்துக்குப் பித்தளை ஆணியே தக்கது.