தீமிதிக்கு வராத மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. இந்த வருஷம் தீமிதிக்கு வரமாட்டேன் என்று நீ சொன்னதையும், எல்லாம் அந்த லைப்ரரி புத்தகத்தால் வந்தது என்று உன் அம்மா அழுததையும் உன் அப்பா போனில் சொன்னான். புத்தகம் பாமாவின் 'கருக்கு' என்றதும் எனக்குச் சந்தோஷம்தான். அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் அவசரமாகப் படித்திருக்கிறாய். பாமா சாமியை மறுத்து எழுதவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பி, பார்த்த டீச்சர் வேலையை விட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர். அங்கே போனால் மடத்துப் பள்ளியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள், மடத்துக்குள்ளும் சாதி. ஏழு வருஷம் இருந்துவிட்டு 1992இல் வெளியே வந்தார். அதே வருஷம் புத்தகமும் வந்தது. ஏசு யார் பக்கம் நின்றார் என்பதை வைத்தே அவர் மடத்தைக் கேட்கிறார். நீயோ சாமியே பொய் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயாம்.

நம் ஊர் கெடாரில் இருந்துகொண்டு நீ கேட்கவேண்டியது வேறு. நம் மாவட்டத்திலேயே, மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் அதிகாரிகள் சீல் வைத்தார்களே, தலித் மக்கள் உள்ளே வந்து கும்பிடக் கூடாது என்று மறித்த தகராறில்? மறிக்கப்பட்டவர்களும் அந்த அம்மனை நம்புகிறவர்கள்தான். நம் திருவிழாவில் சாமி எந்தத் தெருவரை போகும், யாரிடம் வரி வாங்குவார்கள், யாரிடம் வாங்கமாட்டார்கள் என்று உன் அப்பாவைக் கேள். சாமி இருக்கா என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவான். இந்தக் கேள்விகளுக்கு அவன் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும்.

நாத்திகம்தான் உன் முடிவு என்றால் அதையும் ஒழுங்காகப் படி. பகத் சிங் 1930இல் சிறையிலிருந்து எழுதிய நாத்திகக் கட்டுரையை ஜீவா தமிழில் தந்திருக்கிறார். எழுதியபோது பகத் சிங்குக்கு வயது 23.

அம்மா காப்புக் கட்டி விரதம் இருப்பதைக் கிண்டல் செய்யாதே. திருவிழாக் கமிட்டியில் அவளுக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அவளை ஜெயித்து உனக்கு என்ன ஆகப்போகிறது?

லைப்ரரி கார்டை அவள் பிடுங்கி வைத்திருப்பது மட்டும் சரியில்லை. நான் பேசுகிறேன். அதுவரை, புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' அனுப்புகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. கடவுளிடமே ஆயுள் சந்தா கேட்கும் இடத்தில் அவளும் சிரித்துவிடுவாள்.

அன்புடன்,
பெரியப்பா