கொடைக்கானலுக்கு யாரை அழைத்துப் போவது?

கேள்வி:

மதுரைப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் செயல் இயக்குநராக இருக்கிறேன். 1996இல் டிரஸ்டாகப் பதிவானது. சுயஉதவிக் குழுக்கள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான பகல்நேர மையம், இரண்டும்தான் எங்கள் வேலை. டிரஸ்டிகள் ஒன்பது பேர். தொடங்கியவரே இன்றும் மேனேஜிங் டிரஸ்டி, வயது 72. எங்களுக்கெல்லாம் அவர் 'ஐயா'. பல வருடமாக வந்துகொண்டிருந்த வெளிநாட்டு நிதி அடுத்த மார்ச்சோடு முடிகிறது. அதற்குப் பிறகு எந்த வேலையை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பேச, எல்லா டிரஸ்டிகளும் இரண்டு நாள் கொடைக்கானலில் உட்காருவதாக முடிவாகியிருக்கிறது. நடத்திக்கொடுக்க வெளியிலிருந்து ஒரு ஃபெசிலிடேட்டர் வேண்டும்.

மூன்று பேர் கைவசம் இருக்கிறார்கள். ஒருவர் பெயர்பெற்ற தன்னம்பிக்கைப் பேச்சாளர், ஐயாவுக்கு வேண்டியவர், பணமே வேண்டாம் என்கிறார். இன்னொருவர் சென்னையில் கம்பெனிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். பேசிய மறுநாளே இரண்டு நாளுக்கும் மணிவாரியாக நிகழ்ச்சி நிரல் அனுப்பிவிட்டார். மூன்றாமவர் நீண்டகாலம் களப்பணியில் இருந்த பெண்மணி. எல்லா டிரஸ்டிகளிடமும் முன்கூட்டியே தனித்தனியாகப் பேசினால்தான் ஒப்புக்கொள்வேன் என்கிறார். அதில் ஐயாவுக்குக் கோபம். "நம்ம வீட்டு விஷயம் அவங்களுக்கு எதுக்கு?" என்கிறார். தவிர, எங்களுக்கு நிதி தரும் அமைப்புக்காக இவர் மதிப்பீட்டுப் பணிகளும் செய்கிறார். யாரை எடுப்பது? பேசாமல் நானே நடத்திவிடட்டுமா? செலவாவது மிச்சமாகும்.

– ஒரு செயல் இயக்குநர், மதுரை மாவட்டம்

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நடத்த வேண்டாம். எந்த வேலையை விடுவது என்பதுதான் பேச்சு என்றால், அதில் உங்கள் ஊழியர்களின் சம்பளமும் இருக்கிறது, உங்களுடையதும் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு நேர்மையாகக் கேள்வி கேட்டாலும் அது ஒரு பக்கம் சாய்ந்த கேள்வியாகத்தான் மற்றவர் காதில் விழும். இன்னொன்று, அந்த அறையில் கணக்கு, களம் இரண்டும் தெரிந்தவர் அநேகமாக நீங்கள் ஒருவர்தான். நீங்கள் பேசியாக வேண்டும். கூட்டத்தை நடத்துகிறவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. சார்ட் பேப்பர் முன்னால் மார்க்கரோடு நின்றீர்களானால் உங்கள் வாய் கட்டப்பட்டுவிடும்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் எழுதியும் எழுதாமலும் விட்ட ஒரு விஷயம். ஐயாவின் வயதைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எதற்காகக் குறிப்பிட்டீர்கள் என்று சொல்லவில்லை. நிதி நிற்கப்போவது உண்மையான கவலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஐயாவுக்குப் பிறகு யார் என்ற கேள்வி ஒன்பது பேர் மனதிலும் இருக்கும், ஐயா மனதிலும் இருக்கும். எந்தத் திட்டத்தைத் தொடர்வது என்று பேச ஆரம்பித்தால், அதை யார் பொறுப்பேற்று நடத்துவது என்பது தானாக வரும். முன்கூட்டியே இதை அறியாமல் வருகிற ஃபெசிலிடேட்டர், இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதில் போய் முட்டிக்கொள்வார். அப்போது மலையிறங்க மூன்று மணி நேரம்தான் பாக்கி இருக்கும்.

அதனால்தான் மூன்றாமவர் கேட்ட நிபந்தனை முக்கியமானது. அவர் கேட்காவிட்டால் நீங்களே கேட்டு வாங்க வேண்டிய வேலை அது. ஆளுக்கு அரைமணி, முக்கால் மணி; போனிலேயே போதும். ஒன்பது பேரிடமும் ஒரே கேள்விகள்: இந்த நிறுவனம் எதை இழந்தால் இது இதுவாக இருக்காது? எதைப் பற்றிப் பேசாமலேயே இத்தனை வருடம் போயிற்று? இரண்டு நாள் முடிவில் என்ன நடந்திருந்தால் வந்தது வீணில்லை என்பீர்கள்? பதில்களிலிருந்து யார் சொன்னது என்ற அடையாளத்தை எடுத்துவிட்டு, பொதுவாக வந்த கருத்துகளை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி, ஒன்பது பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். ஐயாவுக்கு ஒரு நாள் முன்னதாகக்கூடப் போகக் கூடாது. அவர் கோபத்துக்கு ஒரு வழி இருக்கிறது: "முதல்ல உங்ககிட்டதான் பேசுவாங்க ஐயா, அதிக நேரமும் உங்களுக்குத்தான்" என்று சொல்லிப் பாருங்கள். நிறுவனர்களிடம் அவர்கள் கதையை யாரும் பொறுமையாக உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கிறவர் கிடைத்தால் பாதிக் கோபம் போய்விடும்.

சென்னைக்காரரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எத்தனை இலை என்று கேட்காமலே மெனு எழுதித் தருகிற கல்யாணச் சமையல் மாஸ்டருக்கு யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. கம்பெனியில் மேலதிகாரி சொன்னால் பேச்சு முடிந்துவிடும். டிரஸ்டில் ஒன்பது பேரும் சம்பளம் வாங்காதவர்கள், ஒருவருக்கு ஒருவர் உத்தரவு போட முடியாது, பொறுப்பு மட்டும் எல்லோர் தலையிலும் இருக்கிறது. அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியுமா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: "எங்கள் டிரஸ்ட் டீடை வாங்கிப் படித்தீர்களா?"

பேச்சாளரை ஆண்டு விழாவுக்கு அழையுங்கள். கூட்டத்தைக் கட்டிப்போடுகிறவர், நீங்கள் பேச வைக்க நினைக்கிற ஒன்பது பேரையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடுவார். அவர் இலவசமாக வருவதில்தான் எனக்கு அதிக பயம். காசு வாங்காமல் வந்தவரிடம் "சார், போதும்" என்று எப்படிச் சொல்வீர்கள்?

மிஞ்சுவது மூன்றாமவர். என் ஓட்டு அவருக்குத்தான், ஆனால் அந்த மதிப்பீட்டு வேலையை வைத்துக்கொண்டு அல்ல. அவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், இங்கே பேசியது நிதி தருகிறவர் காதுக்குப் போகுமோ என்ற சந்தேகம் ஒரே ஒரு டிரஸ்டிக்கு வந்துவிட்டால் போதும், எல்லோரும் அளந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள். எழுத்தில் வாங்குங்கள்: இந்த வேலை முடிந்து ஓராண்டு வரை உங்கள் நிறுவனத்தைப் பற்றிய எந்த மதிப்பீட்டிலும் அவர் கை வைக்க மாட்டார், அறிக்கை டிரஸ்டிகளுக்கு மட்டும், அந்த அமைப்போடு தனக்குள்ள தொடர்பை ஒவ்வொரு டிரஸ்டியிடமும் முதல் போனிலேயே அவரே சொல்லிவிடுவார். இதற்குத் தயங்கினால் நான்காவது ஆளைத் தேடுங்கள். தேதியைத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை.

களத்தில் இருந்தவர் என்பதால் மட்டும் மயங்கிவிட வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கத்துத் தொண்டு நிறுவனங்களில் ஃபெசிலிடேட்டர்கள் பெரும்பாலும் இரண்டு பள்ளிகளிலிருந்து வருகிறார்கள். ஒன்று, பி.ஆர்.ஏ. எனப்படும் பங்கேற்பு ஊரக மதிப்பீடு. எண்பதுகளின் கடைசியில் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்களும், கர்நாடகத்தில் மைராடா போன்ற அமைப்புகளும் வளர்த்தெடுத்த முறை. தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுவது, குச்சியைக் கிராமத்தார் கையில் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்குவது. இதில் பழகியவர்கள் பேசாதவரைப் பேச வைப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் கிராமத்தில் அதிகாரம் உள்ளவர் வெளியிலிருந்து வந்தவர். அவர் ஒதுங்கினால் இடம் உண்டாகும். உங்கள் அறையில் அதிகாரம் ஐயாவிடம் இருக்கிறது. ஃபெசிலிடேட்டர் ஒதுங்கினால் அந்த இடத்தை ஐயாவே நிரப்பிவிடுவார், தெரிந்து அல்ல, பழக்கத்தில். "ஐயா, ஒரு நிமிஷம், அவங்க முடிச்சிடட்டும்" என்று சிரித்த முகத்தோடு சொல்கிற தெம்பு வேண்டும்.

இரண்டாவது பள்ளி, டி-குரூப் எனப்படும் பயிற்சிக் குழு முறை. 1947இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பெத்தல் என்ற ஊரில் முறையாகத் தொடங்கி, பிறகு இந்தியாவுக்கும் வந்தது. தன்னைத் தானே அறிய அது நல்ல பயிற்சி, விரும்பிச் சேர்ந்தவர்களுக்கு. நிதித் திட்டம் பேச வந்த டிரஸ்டிகளை வட்டமாக உட்கார வைத்து, இத்தனை வருடத்து மனத்தாங்கலைக் கொட்டச் சொல்வது வேறு. அழுகையும் கட்டிப்பிடிப்புமாக முதல் நாள் உருக்கமாக முடியும். மறுநாள் காலை டிபனுக்கு யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். வருகிறவர் எந்தப் பள்ளி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1994இல் தொடங்கிய சர்வதேச ஃபெசிலிடேட்டர்கள் சங்கம் சான்றிதழ் தருகிறது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. எந்தச் சான்றிதழை விடவும், சார்ட் பேப்பரில் தமிழில் எழுதுவாரா என்பது எனக்கு முக்கியம். சொன்னது ஆங்கிலமாகிப் பலகையில் ஏறுகிறபோது, மையத்துக் குழந்தைகளின் தாயார் யாராவது டிரஸ்டியாக இருந்தால், அவர் அத்தோடு வாயை மூடிக்கொள்வார்.

ஒரு மணி நேரம் நேரில் பேசுங்கள். உங்களோடு இரண்டு டிரஸ்டிகள் இருக்கட்டும். அதில் ஒருவர் ஐயாவிடம் மாற்றுக் கருத்துச் சொல்லக்கூடியவராக இருக்கட்டும். "உங்கள் அணுகுமுறை என்ன?" என்று கேட்டால் பாடம்தான் ஒப்பிப்பார்கள். நடக்கப்போவதைச் சொல்லிக் கேளுங்கள். "நிறுவனர் நடுவில் எழுந்து, 'இதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்' என்றால் என்ன செய்வீர்கள்?" உடனே சாமர்த்தியமாகப் பதில் சொல்கிறவரைவிட, "அன்றைக்கு அது வராமல் இருக்க அதற்கு முன்னாலேயே அவரிடம் என்ன பேசியிருக்க வேண்டும்" என்று யோசிக்கிறவர் மேல்.

இன்னொரு கேள்வி: "எல்லோரும் பேசியாயிற்று, எதுவும் ஒத்துப்போகவில்லை, சலிப்பு வந்துவிட்டது. அப்போது?" சாம் கேனர் 1996இல் வெளியிட்ட ஃபெசிலிடேட்டர் கையேட்டில் இந்தக் கட்டத்துக்கு முனகல் என்றே பெயர் வைத்திருக்கிறார். கருத்துகள் விரிந்த பிறகு, அவை கூடிவருவதற்கு முன்னால், எந்தக் கூட்டமும் இதைக் கடந்தே ஆக வேண்டும் என்பது அவர் வாதம். அனுபவம் குறைந்தவர் அந்த நேரத்தில் பயந்துபோய் எல்லோரையும் எழுப்பிக் கைதட்டி விளையாட வைப்பார், அல்லது கை தூக்கச் சொல்லி முடித்துவிடுவார். தேர்ந்தவர் அதிலேயே கொஞ்ச நேரம் இருக்க விடுவார்.

விசாரிக்கிறபோது, அவரை அழைத்துப் பணம் கொடுத்தவரிடம் விசாரிக்காதீர்கள். அவர் நல்லதாகத்தான் சொல்வார். அந்தக் குழுவில் அதிகம் பேசாதவர் யாரென்று கேட்டு அவருக்குப் போன் போடுங்கள். "அந்த இரண்டு நாளில் நீங்கள் பேசினீர்களா?" என்ற ஒரு கேள்வி போதும்.

செலவு. இரண்டு நாள் கூட்டத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து நியாயமாக ஐந்தாறு நாள் வேலை உண்டு. நாள் கூலியாகப் பேசாமல், தனிப் பேச்சுகளும் அறிக்கையும் அடங்க மொத்தமாகப் பேசி ஒப்பந்தம் எழுதுங்கள். எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று அறை பதிவு செய்வதற்கு முன்பே ஆடிட்டரைக் கேளுங்கள். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 வரை இருந்தது. டிரஸ்டிகளின் பயணச் செலவு அந்த 20க்குள்தான் வரும். உள்ளூர் நன்கொடையிலிருந்து செய்ய முடிந்தால் தலைவலி இல்லை. கையில் காசே இல்லையென்றால் இன்னொரு வழி: திண்டுக்கல்லிலோ சிவகங்கையிலோ உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தின் இயக்குநர் உங்களுக்கு நடத்தித் தரட்டும், நீங்கள் அவர்களுக்குப் போய் நடத்திக் கொடுங்கள். உங்களோடு ஒரே நிதிக்குப் போட்டி போடுகிறவராக மட்டும் இருக்கக் கூடாது. கொடைக்கானலில் மே மாதம் மட்டும் வேண்டாம். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் மாட்டுவீர்கள். 2024 மே முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு.

கடைசியாக, மலை மேல் என்ன முடிவெடுத்தாலும் அது தீர்மானம் ஆகாது. சுவரில் ஒட்டிய சார்ட் பேப்பர் மினிட்ஸ் புத்தகம் இல்லை. உங்கள் டிரஸ்ட் டீடில் சொன்னபடி நோட்டீஸ் கொடுத்து, கோரம் பார்த்து, முறையான கூட்டத்தில் நிறைவேற்ற வேண்டும். பொறுப்பு கைமாறுவதாக முடிவானால், எஃப்.சி.ஆர்.ஏ. பதிவில் உள்ள முக்கிய நிர்வாகிகளின் மாற்றத்தை 45 நாளுக்குள் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஆகவே திரும்பி வந்த மூன்றாவது வாரத்தில் ஒரு போர்டு மீட்டிங்குக்கு இப்போதே தேதி குறித்து, அதற்கான நோட்டீஸைப் புறப்படுவதற்கு முன்பே ஒன்பது பேருக்கும் அனுப்பிவிடுங்கள். ஃபெசிலிடேட்டருக்கும் அந்தத் தேதியைச் சொல்லிவிட்டால், அறிக்கையை அதற்கு ஒரு வாரம் முன்பாகக் கேட்டு வாங்கலாம்.